என் ஓட்டு அந்த சைவக்காரருக்கு

கேள்வி: சூப்பர்ஹீரோ படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த பாத்திரம் எது? ஏன்?

அயர்ன் மேன், பேட்மேன் என்று ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் ஓட்டு ‘பிளாக் பாந்தர்’ படத்தில் வரும் எம்பாக்குவுக்கு. ஹீரோவுக்கும் இல்லை, எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடும் வில்லன் கில்மாங்கருக்கும் இல்லை. பனிமலையில் தனியாக வாழும் ஜபாரி கூட்டத்துக்குத் தலைவராக ஓர் ஆஜானுபாகு வருவாரே, அவருக்குத்தான்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் தியேட்டரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் மதுரைக்காரன், வேலை தென்னாப்பிரிக்காவின் டர்பனில். அப்போது அங்கே சாட்ஸ்வொர்த் என்ற பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார ஆயாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேத்தி. பேரனுக்குப் பன்னிரண்டு வயது, வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான். ஆக, ஆயாவின் தமிழுக்கு அந்த வீட்டில் நான் ஒருவன்தான் கேட்க ஆள். 2018 பிப்ரவரியில் பேரன் அடம்பிடிக்க, மூன்று பேரும் கடற்கரையில் இருக்கும் சன்கோஸ்ட் தியேட்டருக்குப் போனோம். ஆயாவுக்கு அது இன்னும் ‘பயாஸ்கோப்’தான். சின்ன வயதில் கிரே ஸ்ட்ரீட் தியேட்டர்களில் எம்.ஜி.ஆர். படங்களாகப் பார்த்துத் தள்ளியவர். சண்டைக்காட்சியில் அவரை ஏமாற்ற முடியாது.

அருவியில் நடக்கும் அந்தப் போட்டி வந்தது. அரியணை எனக்குத்தான் என்று எம்பாக்கு வந்து நிற்கிறார். மோதுவதற்கு முன் தன் தெய்வத்தின் பெயரைச் சொல்லி முழங்குகிறார். அந்தப் பெயர் ஹனுமான்! ஆயா பாப்கார்ன் டப்பாவை என் மடியில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“தம்பி, அனுமாரையா சொன்னான்?”

“ஆமா ஆயா.”

“நல்ல புள்ள.”

இந்தியாவில் தணிக்கைக் குழு அந்த ஒரு சொல்லை மட்டும் ஊமையாக்கிவிட்டது. மதுரையில் படம் பார்த்த என் தம்பியிடம் இதைச் சொன்னபோது கதை விடாதே என்றான். முற்றத்தில் அனுமார் கொடி பறக்கும் வீடுகள் டர்பனில் எத்தனையோ உண்டு. இங்கே யாரும் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. எங்கள் வரிசையில் சிரிப்புதான்.

ஆயா முழுசாக மனம் மாறியது அப்புறம்தான். அமெரிக்க உளவாளி நடுவில் பேச வாயெடுக்கிறார். ஜபாரி ஆட்கள் குரைத்தே அவரை அடக்குகிறார்கள். இன்னொரு வார்த்தை பேசினால் உன்னை என் பிள்ளைகளுக்கு இரையாக்கிவிடுவேன் என்கிறார் எம்பாக்கு. உளவாளியின் முகம் வெளிறுகிறது. உடனே, சும்மா சொன்னேன், நாங்கள் சைவம் என்று ஒரு சிரிப்பு! செவ்வாய், வெள்ளியில் கறி தொடாத ஆயாவுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? இடைவிடாமல் தலையாட்டினார்.

காமிக்ஸில் இந்த ஆள் 1969-லேயே வந்துவிட்டார். அங்கே வில்லன், பெயர் மேன்-ஏப். கறுப்பின மனிதனுக்கு மனிதக்குரங்கு என்று பட்டப்பெயர்! அதைப் படத்தில் தூக்கியெறிந்தது பெரிய புண்ணியம். நடித்த வின்ஸ்டன் டியூக் டொபாகோ தீவுக்காரர்.

படத்தில் வரும் கற்பனை நாடான வகாண்டாவின் மக்கள் பேசுவது தென்னாப்பிரிக்காவின் கோசா மொழி. 2016-ல் வந்த முந்தைய மார்வல் படத்தில் ராஜாவாக நடித்த ஜான் கானி, மகனாக நடித்தவரிடம் தன் தாய்மொழியில் பேசிப் பார்க்க, அதுவே நிலைத்துவிட்டது. இளவயது ராஜாவாக வருபவர் அவருடைய சொந்த மகன் அட்டாண்ட்வா. கோசாவும் ஜூலுவும் அக்கா தங்கை மாதிரி. என்னோடு வேலை பார்க்கும் ஜூலுக்காரர் படம் பார்த்துவிட்டு, கானி குடும்பம் பேசினால் மட்டும் வீட்டில் பேசுவதுபோல் இருக்கிறது, மற்றவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவர்கள் என்றார். மும்பைக் கதாநாயகி தமிழுக்கு வாயசைக்கும்போது நமக்கு வருமே, அதே எரிச்சல்.

குறை இல்லாமல் இல்லை. சுரங்க ரயில் பாதையில் நடக்கும் கடைசிச் சண்டை படு மோசம். இரண்டு ரப்பர் பொம்மைகள் உருண்டு புரள்வது மாதிரி இருக்கும். என் பிளேஸ்டேஷனில் இதைவிட நன்றாக இருக்கும் என்று பேரனே முணுமுணுத்தான். அருவிச் சண்டையில் இருந்த தண்ணீரும் மூச்சிரைப்பும் அங்கே எங்கே போயிற்றோ!

இரண்டே மாதத்தில் அடுத்த அவெஞ்சர்ஸ் வந்தது. டிக்கெட் எடுக்குமுன், நீங்களும் வருகிறீர்களா என்று ஆயாவிடம் கேட்டேன். ஆயா திருப்பிக் கேட்டார்.

“அந்த சைவக்காரன் வரானா?”

“வரான் ஆயா. ஆனா கொஞ்ச நேரம்தான்.”

“அப்ப நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.”