கண்ணைப் பார்த்துப் பேசாதவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்கலாமா?

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சோதனைப் பிரிவுக் குழுவுக்குத் தலைவராக இருக்கிறேன். குழுவில் உள்ள இளைஞர் ஒருவர் தமக்கு ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் சூழலை உணர்வதும் வேறுபட்டிருக்கும் மூளை வளர்ச்சி நிலை) இருப்பதாக என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். பிறர் கண்ணில் படாத பிழைகளைக் கண்டுபிடிக்கிறார். ஆனால் கூட்டங்களில் பேசுவதில்லை, யாரையும் நேராகப் பார்ப்பதில்லை, திடீரென வேலையை மாற்றினால் நிலைகுலைந்துவிடுகிறார். ஆண்டு மதிப்பீட்டில் தகவல் தொடர்புக்குக் குறைந்த மதிப்பெண் போடச் சொல்கிறார் மேலாளர். என்ன செய்வது? – ஒரு குழுத் தலைவர், கோவை

பதில்: அந்த இளைஞர் எழுதும் பிழை அறிக்கைகளை முதலில் எடுத்துப் படித்துப் பாருங்கள். அதைப் பெற்ற நிரலாளர் திரும்ப வந்து சந்தேகம் கேட்கத் தேவையின்றிப் பிழையைச் சரிசெய்ய முடிகிறது என்றால், அவருடைய தகவல் தொடர்பு நன்றாகவே இருக்கிறது. கூட்டத்தில் கலகலப்பாக இருப்பதை அந்த வேலை கேட்கவில்லை; கேட்பது அலுவலகத்தின் பழக்கம். மதிப்பெண்ணை வேலைக்குப் போடுங்கள், மேலாளரிடம் அந்த அறிக்கைகளையே சான்றாகக் காட்டுங்கள். அவர் உங்களை நம்பிச் சொன்னதை, அவருடைய சம்மதமின்றி அங்கே வெளியிட வேண்டாம்.

கண்ணைப் பார்க்காமல் இருப்பதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிரில் இருப்பவரின் கண்ணையும் கவனித்து, அவர் சொல்வதையும் ஒரே நேரத்தில் உள்வாங்குவது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம் என்பதால், நன்றாகக் கேட்பதற்காகவே அவர்கள் பார்வையை விலக்கிக்கொள்வதுண்டு. ஆட்டிசம் உள்ளவரும் சமூகவியலாளருமான டேமியன் மில்டன், 2012இல் எழுதிய கட்டுரையில், ஆட்டிசம் உள்ளவரும் இல்லாதவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல் இரு தரப்புக்கும் பொதுவானது என்று வாதிட்டார்: அவருக்கு நம்மைப் படிக்கத் தெரியாதது போலவே நமக்கும் அவரைப் படிக்கத் தெரிவதில்லை.

நம் அலுவலகங்களில் பாதி வேலை ஜாடையில்தான் நடக்கிறது. ‘நேரம் கிடைக்கும்போது இதைக் கொஞ்சம் பாருங்க’ என்று சொல்லிவிட்டு மாலையிலேயே முடிவை எதிர்பார்ப்போம். ‘பார்த்துக்கலாம்’ என்பது சம்மதமாகவும் இருக்கலாம், மறுப்பாகவும் இருக்கலாம். இதை ஊகிக்க முடியாதவரைக் குறை சொல்வதைவிட, எந்த வேலை, எப்போதைக்குள், எந்த அளவுக்கு என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பது எளிது. கூட்டத்தில் பேசப்போகும் பொருளை முந்தைய நாளே அனுப்பி, அவர் கருத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலையை மாற்றும்போது எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடங்க வேண்டும், இது எத்தனை நாளைக்கு என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். இருக்கை, வெளிச்சம், சத்தம் ஆகியவற்றைப் பற்றி அவரிடமே கேளுங்கள். ஒருவருக்கு அமைதி தேவைப்படும், இன்னொருவருக்குக் காதில் பாட்டு ஓடினால்தான் கவனம் நிற்கும். உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2ஆம் தேதி வாசலில் நீல விளக்குப் போடுவதைவிட இவை பயன் தருபவை என்பது என் கருத்து.

இந்த அணுகுமுறைக்கு முன்மாதிரி உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி. (SAP) 2013இல் ஆட்டிசம் உள்ளவர்களுக்கெனத் தனி வேலைவாய்ப்புத் திட்டத்தை அறிவித்தது. அதன் தொடக்க முயற்சிகளில் ஒன்று பெங்களூர்க் கிளையில் அவர்களை மென்பொருள் சோதனையாளர்களாக அமர்த்தியது. நல்ல முயற்சிதான், ஆனால் ஆட்டிசம் என்றாலே கணினித் திறமை என்ற எண்ணமும் இத்தகைய செய்திகளால் பரவிவிட்டது. எல்லாருக்கும் அந்தத் திறமை இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகை ஒதுக்கல்தான்.

கேள்வி: எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனத்தை ஒருநிலைப்படுத்துவதைக் கடினமாக்கும் மூளை வளர்ச்சி நிலை) இருப்பது 29 வயதில்தான் தெரியவந்தது. தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அலுவலகத்தில் சொல்லலாமா? சட்டம் துணை நிற்குமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: சட்டத்தின் துணை ஓரளவுக்கே உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் டிஸ்லெக்சியா போன்ற ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ம் இருக்கின்றன, ஏ.டி.எச்.டி. பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. தேவைக்கேற்ற ஏற்பாடுகளை ஊழியருக்குச் செய்து தரும் கடமையையும் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்கே நேரடியாக விதிக்கிறது. ஆனால் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டிய பொறுப்பு தனியார் நிறுவனங்களுக்கும் உண்டு. 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள தனியார் நிறுவனம் அதற்கெனத் தொடர்பு அலுவலர் ஒருவரையும் குறிப்பிட வேண்டும். உங்கள் நிறுவனத்தின் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதிலிருந்தே அங்கே எவ்வளவு சொல்லலாம் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

நோயறிதலைச் சொல்லாமலேயே ஏற்பாட்டைக் கேட்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ‘பெரிய வேலைகளுக்கு இடையிடையே கெடு வைத்துக் கொடுங்கள், காலை இரண்டு மணி நேரம் அழைப்புகளைத் தவிர்க்க அனுமதியுங்கள்’ என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். அது மறுக்கப்பட்டால் அடுத்த படியாகக் காரணத்தைச் சொல்வதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் முடிவெடுக்கக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்வது போதும்.

கேள்வி: ஒருவருக்குச் சலுகை கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களே? – சிறுதொழில் உரிமையாளர், மதுரை

பதில்: கேட்கட்டும். எழுத்தில் வேலை ஒதுக்குவதற்குச் செலவில்லை, அதை எல்லாருக்கும் கொடுங்கள். தனி அறை, மாற்று வேலை நேரம் போன்றவற்றைத் தேவை பார்த்துக் கொடுங்கள். யாருக்கு எதற்காகக் கொடுத்தீர்கள் என்று மற்றவர்களுக்கு விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.