தென்னிந்தியா எங்கே தொடங்குகிறது?

விந்திய மலைக்குத் தெற்கே இருப்பதெல்லாம் தென்னிந்தியாவா, இல்லை ஐந்து மாநிலங்கள் மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ரயில் நிலையம் தமிழ்நாட்டில் இருந்தாலும் தெற்கு ரயில்வேயில் இல்லை. 2003-இல் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மேற்கு ரயில்வே வந்தபோது பெங்களூரு கோட்டம் அதற்குப் போனது. கோட்டத்தோடு தர்மபுரியும் ஓசூரும் போயின. ஓமலூர் வந்தால்தான் மறுபடி தெற்கு ரயில்வே. ஆக, ரயில்வேக்குத் தெற்கு என்பது நிர்வாக வசதி.

அரசு சொல்லும் தெற்கு வேறு. 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டம் மண்டலக் குழுக்களை அமைத்தது. தெற்கு மண்டலத்தில் இன்று தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, கூடவே புதுச்சேரி. மகாராஷ்டிரமும் கோவாவும் மேற்கு மண்டலம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: தெலங்கானாவின் அதிலாபாத் மும்பையைவிட வடக்கே இருக்கிறது. ஆனாலும் அதிலாபாத் தென்னிந்தியா, மும்பை இல்லை. திசையை மட்டும் வைத்து இதை விளக்கவே முடியாது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்ற மொழிக் குடும்பம்தான் அந்தக் கோட்டைப் போடுகிறது. எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது.

தக்காணம் என்ற பெயர் 'தட்சிணம்' என்பதிலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்கு வலப்பக்கம் என்றும் பொருள். கிழக்கே சூரியனைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தெற்குதானே! நில அமைப்பில் தக்காணம் என்றால் பீடபூமி. அதன் விளிம்பை எங்கள் பக்கத்திலேயே உடம்பால் உணரலாம். விடியற்காலையில் ஓசூரில் பஸ் ஏறினால் குளிருக்கு ஜன்னலை மூடிக்கொள்வோம். சூளகிரி தாண்டி இறங்க இறங்க ஒவ்வொருவராகத் திறப்பார்கள். கிருஷ்ணகிரி வரும்போது காற்றே வேறாக இருக்கும்.

இன்னொன்று, இந்த எல்லை நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இன்று ஒடிசாவில் இருக்கும் கஞ்சம் 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. எங்கள் பகுதியோ பாராமகால் என்ற பெயரில் மைசூரின் கையில் இருந்து, 1792-இல் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்தபோதுதான் கம்பெனிக்கு வந்தது.

அப்புறம், தமிழ்நாட்டுக்குள்ளேயும் ஒரு தெற்கு உண்டு. எங்கள் வீட்டில் 'தெக்கத்தி ஆளுங்க' என்றால் மதுரை, திருநெல்வேலிப் பக்கம். நான் மதுரையில் படித்தபோது விடுதியில் எனக்கு வைத்த பெயர் 'வடக்கத்தியான்'. பிறகு பெங்களூரில் ஹூப்ளி நண்பரோடு ஒரே அறையில் இருந்தேன். அவர் தன்னை வட கர்நாடகத்துக்காரர் என்பார். அவருக்கு நான் தெற்கு. எங்கள் இருவர் ஊருக்கும் ஒரே ரயில்வே.