கேம்பாய் அட்வான்சுக்கு இன்று கேசட் தேடிச் சேர்ப்பது தகுமா?

நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான பழைய கேம்பாய் அட்வான்ஸ் ஒன்று கைக்கு வந்திருப்பதாகவும், தொலைக்காட்சியோடு இணைக்கும் சூப்பர் நிண்டெண்டோவின் விளையாட்டுகளின் மறுபதிப்பைத் தவிர அதில் என்ன இருக்கிறது, கேசட்டுக்குக் காசு செலவழிப்பது தகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தகும் என்பதே என் பதில். அந்தக் கருவியின் குறைநிறைகளை உணர்ந்து, அதற்கென்றே செய்யப்பட்ட விளையாட்டுகள் நிறைய உண்டு. அவற்றை இனம் கண்டு வாங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். ஈப்போவில் வேலை பார்த்த என் தாய்மாமா, ஒரு தீபாவளிக்கு, தாம் பயன்படுத்திய கருவியை எனக்குக் கொடுத்தார். 2001இல் வந்த முதல் வடிவம் அது. இரண்டு டபுள் ஏ பேட்டரியில் ஓடும், திரைக்கு வெளிச்சம் கிடையாது. இரவில் தொழிலாளர் லயத்து வாசலில் டியூப் லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, திரையில் விளக்கின் வெள்ளைக் கோடு விழாதபடி மணிக்கட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் விளையாட வேண்டும். கருவியோடு சேர்ந்தே அறிமுகமான ‘காசில்வேனியா: சர்க்கிள் ஆஃப் தி மூன்’ அருமையான விளையாட்டு, ஆனால் அதன் கோட்டைச் சுவர்கள் அத்தனையும் இருண்ட நிறம் என்பதால், எதிரி என்னை அடித்த பிறகுதான் அவன் அங்கே நின்றதே எனக்குத் தெரியும். அந்தக் குறை பலருக்கும் இருந்தது. அதே வரிசையில் 2002இல் வந்த ‘ஹார்மனி ஆஃப் டிசொனன்ஸ்’ நிறங்களைப் பளிச்சென்று ஆக்கி அதைச் சரிசெய்தது. உங்களிடம் இருப்பது 2003இல் வந்த, மடித்து மூடக்கூடிய எஸ்பி வடிவம் என்றால் இந்தத் தொல்லை இல்லை; அதன் திரைக்கு விளக்கு உண்டு.

வெளிச்சத்தையே விளையாட்டாக்கியது, விளையாட்டு வடிவமைப்பாளர் ஹிடியோ கொஜிமா தயாரிப்பில் 2003இல் வெளியான ‘போக்டாய்’. அதன் கேசட்டிலேயே சூரிய ஒளியை உணரும் சிறு உணரி பதித்திருக்கும். இரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும் சிறுவனின் துப்பாக்கிக்கு, நாம் நிற்கும் இடத்து வெயில்தான் சக்தி. பள்ளி விட்டு வந்ததும் தோட்டத்துத் திடலின் நடுவே நின்றால் திரையிலிருக்கும் அளவுமானி நிறைந்துவிடும். இரண்டடி நகர்ந்து பால் மரத்து நிழலுக்குள் வந்தால் கிடுகிடுவென இறங்கும். வீட்டுக்குள் ஒன்றுமே ஏறாது. விளக்கில்லாத அந்தத் திரை வெயிலில்தான் மிகத் தெளிவாகத் தெரியும் என்பதால், கருவியும் கேசட்டும் ஒரே இடத்துக்கு என்னை இழுத்தன. வெயிலில் கறுத்துப் போகிறேன் என்று அம்மா கண்டித்தபோது, விளையாட்டே வெயிலைக் கேட்கிறது என்று விளக்கி, அளவுமானியைக் காட்டி நம்ப வைத்தேன். இப்படி ஒன்றைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் கருவிக்கு யாரும் செய்திருக்க முடியாது. விலை கூடுதலாக இருந்தாலும் அசல் கேசட்டாகவே வாங்கத் தக்கது இது.

அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது, விளையாட்டை நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறதா என்பது. ஜப்பானுக்கு வெளியே முதன்முதலாக 2003இல் வந்த ‘ஃபயர் எம்பளம்’, முறை வைத்துப் படையை நகர்த்தும் போர் விளையாட்டு; அது ஒவ்வொரு நகர்வையும் தானே பதிந்துகொள்கிறது. தண்ணீர் பிடிக்க அம்மா கூப்பிட்டால் அந்த நொடியே அணைத்துவிட்டுப் போகலாம், திரும்பி வந்தால் அதே நகர்வில் காத்திருக்கும். அதே வகையைச் சேர்ந்த ‘அட்வான்ஸ் வார்ஸ்’ இன்னும் ஒரு படி மேல்: கேபிள் வேண்டாம், இரண்டாவது கருவி வேண்டாம், ஒரே கருவியைக் கைமாற்றி நான்கு பேர் வரை போரிடலாம். நானும் என் அத்தை மகனும் அவன் வீட்டுத் திண்ணையில் அப்படித்தான் விளையாடினோம். எதிரிப் படையை மறைக்கும் பனிமூட்டம் இருக்கும் களத்தில் ஒருவர் படையை நகர்த்தும்போது மற்றவர் செம்பனைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

மறுபதிப்புகளைப் பற்றிய உங்கள் ஐயம் ஓரளவு சரியே. மாரியோ, செல்டா போன்றவை நன்றாகத்தான் வந்துள்ளன. ஆனால் ஒலிக் கலவையின் பெரும்பகுதியை மையச் செயலியே சுமக்க வேண்டியிருந்ததால், இசை பல இடங்களில் மூலத்தைவிட மெலிந்து ஒலிக்கும். மூலத்தை விளையாடியவர்கள் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நகல் கேசட்டுகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ‘கோல்டன் சன்’ விளையாட்டின் நகல் கேசட்டை நான் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பதினைந்து வெள்ளிக்கு வாங்கினேன். சில வாரங்கள் விளையாடி, கதை முடியும் வீனஸ் கலங்கரை விளக்கம் வரை ஏறியிருந்தேன். மறுநாள் காலை திறந்தால் பதிவு ஒன்றுமே இல்லை. பிரித்துப் பார்த்தபோது உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி, ஒரு பக்கம் ஈயப் பற்று விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி முடித்தேன். அந்த விளையாட்டில் சேர்த்த அத்தனையையும் இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுபோக 260 எழுத்துள்ள ஒரு கடவுச்சொல் கிடைக்கும். அத்தை மகன் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று சொல்லிச் சொல்லி வாசிக்க, நான் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி, இருவருமாக இருமுறை சரிபார்த்தோம்.

அசலிலும் பேட்டரியைக் கவனியுங்கள். உங்கள் கருவியில் 1989இல் தொடங்கிய பழைய கேம்பாய் கேசட்டுகளும், 1998இல் வந்த கலர் கேசட்டுகளும் ஓடும் என்பது பெரிய வரம். ஆனால் ‘போக்கிமோன் கோல்ட்’, ‘சில்வர்’ இரண்டிலும் பதிவைக் காப்பதே உள்ளிருக்கும் பேட்டரிதான், அது இந்நேரம் தீர்ந்திருக்கலாம். ஈயப் பற்று வைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து புதிய சிஆர்2025 பேட்டரி மாற்றிக்கொள்ளலாம். ‘போக்கிமோன் ரூபி’, ‘சஃபையர்’ கேசட்டுகளில் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் மட்டுமே நிற்கும், பதிவு போகாது. பேட்டரி தீர்ந்ததாகத் திரையில் வரும் எச்சரிக்கையைக் காரணம் காட்டி விற்பவர் விலை குறைத்தால் தயங்காமல் வாங்குங்கள். முதல் கேசட்டாக ‘அட்வான்ஸ் வார்ஸ்’ வாங்குங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அன்று மாலையே இருவருமாகத் தொடங்கிவிடலாம்.