இசைத்தட்டின் கடைசிப் பாட்டு கரகரத்தால், தட்டைச் சுழற்றும் எல்பி120எக்ஸ் டர்ன்டேபிளையே மாற்றுவதா, கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்சைகையாக்கும் பகுதி) மாற்றினால் போதுமா?

இரண்டும் வேண்டாம், ஊசியை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆடியோ டெக்னிகா இதோடு தரும் விஎம்95இ கார்ட்ரிட்ஜில் ஊசி தனியாகக் கழன்று வரும். அதே இடத்தில் விஎம்95எம்எல் ஊசியைச் செருகலாம். ஊசி அழுத்தம் அதே 2 கிராம்தான்.

தட்டின் கடைசிப் பாட்டில், லேபிளை நெருங்க நெருங்க, 'ச', 'ஸ' எல்லாம் கரகரக்கிறதா? உள்பக்கம் ஒரு சுற்றின் நீளம் குறைவு, ஒலி பதிந்த பள்ளத்தின் நெளிவுகள் நெருங்கிவிடும். விஎம்95இ ஊசியின் நீள்வட்ட முனை அதில் தடுமாறும். எம்எல்லின் மெல்லிய முனை நுழைந்துவிடும். ஆயுளும் நிறுவனக் கணக்கில் 300 மணி நேரத்துக்குப் பதில் 1000.

வாங்குமுன் ஊசி நுனியைப் பாருங்கள். கார்ட்ரிட்ஜைத் திட்டித் தீர்த்த பிறகுதான் என் ஊசியில் தொங்கிய தூசுப் பஞ்சு கண்ணில் பட்டது! வேகம் ஆடினாலோ பேரிங் இரைந்தாலோ மட்டும் புது டர்ன்டேபிளுக்குப் பணம் சேருங்கள்.