முட்டி மாற்றிய தையலில் கசிவு: மாத்திரையை மறுபடி தொடங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு. வலது முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்து இன்றோடு 24 நாள். தையலின் கீழ்முனையில் நீர் கசிந்ததால் பக்கத்துக் கிளினிக்கில் ஐந்து நாள் ஆண்டிபயாட்டிக் கொடுத்தார்கள். நின்றது. மாத்திரை முடிந்த நான்காம் நாள் திரும்பவும் கசிகிறது. காய்ச்சல் இல்லை. இன்னொரு கோர்ஸ் கொடுக்கலாமா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவதாக வேண்டுதல் வேறு இருக்கிறது. (பினாங்கு ஆயர் ஈத்தாம் வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை செய்த எலும்பு மருத்துவரின் வார்டுக்கு இன்றே போன் செய்யுங்கள். அடுத்த அப்பாயின்மெண்ட் வரை பொறுக்க வேண்டாம். குளிர்நடுக்கமோ, காய்ச்சலோ, குழப்பமான பேச்சோ வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

ஐந்து நாள் மாத்திரைக்கு அடங்கி மறுபடி தலைகாட்டும் கசிவு என்றால், கிருமி உலோகத்தில் ஒட்டியிருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தோலில் சாதுவாக வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்கூட செயற்கை மூட்டில் ஒட்டிக்கொண்டால் குணம் மாறிவிடும். சர்க்கரைப் பொருளும் புரதமும் கலந்த கொழகொழப்பான படலத்தைச் சுரந்து அதற்குள் பதுங்கும். பயோஃபிலிம் என்பது இதுதான். உள்ளே இருப்பவை மிக மெதுவாகப் பெருகுவதால், பெருகும் கிருமியைக் கொல்லும் மருந்து அவற்றிடம் எடுபடுவதில்லை. மழைநீர் டிரம்மின் உட்சுவரில் படியும் வழுவழுப்பு போலத்தான்: எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும், தேய்த்தால்தான் போகும். மாத்திரை கொல்வது படலத்திலிருந்து வெளியே வந்த கிருமிகளை மட்டுமே. கசிவு நின்றதும் அதனால்தான், திரும்பியதும் அதனால்தான்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. அறுவை சிகிச்சையிலிருந்து ஏறக்குறைய நான்கு வாரத்துக்குள், அறிகுறி தொடங்கி மூன்று வாரத்துக்குள் என்றால், மூட்டை எடுக்காமலே காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. முட்டியைத் திறந்து, கெட்ட திசுவை வெட்டி, பல லிட்டர் சலைன் விட்டுக் கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக் துண்டை மாற்றுவார்கள். அந்தத் துண்டைக் கழற்றாமல் கழுவினால் அதன் பின்புறப் படலம் அப்படியே தங்கிவிடும். படலம் முதிர்ந்துவிட்டால் பெரும்பாலும் மூட்டையே எடுக்க வேண்டிவரும்: ஆண்டிபயாட்டிக் கலந்த சிமெண்டை இடையில் வைத்து, பல வாரம் கழித்து இரண்டாவது அறுவை. இன்னொரு கோர்ஸ் தின்னப்போவது இந்த அவகாசத்தைத்தான்.

போகும்போது மாத்திரை அட்டையைக் கொண்டுபோங்கள். முதல் வேளை, கடைசி வேளைத் தேதிகளை எழுதி வையுங்கள். ஆண்டிபயாட்டிக் உடம்பில் இருந்தால் கிருமி சோதனையில் வளராமல் ஏமாற்றும். நிலைமை அவசரமில்லாதபோது இரண்டு வாரம் மருந்தை நிறுத்திய பிறகே சாம்பிள் எடுப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அப்படிக் காத்திருப்பதா என்பது மருத்துவரின் முடிவு. புண்ணின் மேல் பஞ்சுக்குச்சியால் எடுக்கும் ஸ்வாப் பெரும்பாலும் தோல் கிருமியைத்தான் காட்டும், அதை நம்பி மருந்து தேர்ந்தெடுப்பது வீண். தேவைப்படுவது ஊசியால் மூட்டுநீர் எடுப்பது. இதை கிளினிக்கில் அல்ல, எலும்பு மருத்துவர்தான் கிருமிநீக்கிய முறையில் செய்ய வேண்டும். இந்த ஆரம்ப வாரங்களில் மூட்டுநீரின் ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணு சுமார் 10,000-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். உடம்பின் அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான சிஆர்பி அறுவைக்குப் பின் தானாகவே ஏறியிருக்கும். ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை, இறங்கியது மறுபடி ஏறுகிறதா என்று பாருங்கள்.

வீட்டில் உலர்ந்த ஸ்டெரைல் காஸ் வைத்து மூடுங்கள். ஒரு நாளில் எத்தனை காஸ் நனைகிறது, என்ன நிறம் என்று போனில் படம் பிடியுங்கள். அமுக்கிப் பார்க்க வேண்டாம். மஞ்சளும் காமாட் (கடல் அட்டை) எண்ணெயும் எந்த நல்லெண்ணத்தில் வந்தாலும் தையல் பக்கம் வரக்கூடாது.

சிகிச்சை தொடங்கினால் மொத்தம் 12 வாரம் வரை மருந்து ஓடலாம். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்றால் ரிஃபாம்பிசின் சேர்ப்பது வழக்கம். தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரம் பழகிவிடும் என்பதால் எப்போதும் இன்னொரு மருந்தோடுதான். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். அம்மா இனிப்பு நீருக்குக் கிளிக்கிளாசைட் மாத்திரை சாப்பிட்டால் அதன் வேகம் குறைந்து சர்க்கரை ஏறும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேண்டுதலைப் பொறுத்தவரை, புண் முழுதும் ஆறி மருத்துவர் சம்மதிக்கும் வரை தள்ளிவையுங்கள். பிறகும் கவனம் தேவை. இனிப்பு நீரால் பாதம் மரத்திருந்தால் வெறுங்காலில் கல் குத்தியதே தெரியாது. அந்தப் புண்ணிலிருந்து கிருமி ரத்தம் வழியாக முட்டிக்குப் போவது வருடங்கள் கழித்தும் நடக்கும். ஏறிய அன்றிரவே விரலிடுக்கு உட்பட இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் இருந்தால் மறுநாளே காட்டுங்கள்.