அம்மாவின் அப்பா இங்கிலாந்துக்காரர். யூகே ஆன்செஸ்ட்ரி (மூதாதையர் வழி) விசாவுக்கு என்னென்ன ஆவணங்கள் சேர்க்க வேண்டும்?

தாத்தா போத்தனூர் ரயில்வேயில் வேலை பார்த்தார், அவருடைய ஞானஸ்நானச் சான்று வீட்டில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்து அவர் எந்த ஊரில் பிறந்தார் என்று முதலில் பாருங்கள். இங்கிலாந்துக்காரர் என்பது வேறு, இங்கிலாந்தில் பிறந்தவர் என்பது வேறு. நீலகிரி வெலிங்டனிலோ பெங்களூர் கன்டோன்மென்டிலோ பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பிறந்தவர் கடைசிவரை பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்திருந்தாலும் இந்த விசாவுக்கு உதவமாட்டார். பெரம்பூர், பொன்மலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கப்பலேறி வந்தவர் கொள்ளுத்தாத்தாவாக இருப்பார், கொள்ளுத்தாத்தா போதாது. பிரிட்டன், சேனல் தீவுகள், மான் தீவு, 1922 மார்ச் 31-க்கு முந்தைய அயர்லாந்து, பிரிட்டனில் பதிவான கப்பல் அல்லது விமானம், இவற்றில் ஒன்றில் தாத்தாவோ பாட்டியோ பிறந்திருக்க வேண்டும். நீங்கள் காமன்வெல்த் நாட்டுக் குடிமகனாகவும் 17 வயது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும்.

அடுத்தது சங்கிலி. உங்கள் பிறப்புச் சான்றில் அம்மா பெயர், அம்மாவின் பிறப்புச் சான்றில் தாத்தா பெயர், தாத்தாவின் பிரிட்டிஷ் பிறப்புச் சான்று. மூன்றும் பெற்றோர் பெயருள்ள முழுச் சான்றாக இருக்க வேண்டும். பிரிட்டனில் 1947 முதல் கொடுக்கப்படும் சுருக்கச் சான்றில் பெற்றோர் பெயர் இராது. வீட்டில் அதுதான் இருந்தால் புதிதாக முழுச் சான்று வாங்குங்கள். தாய்வழி என்பதால் அம்மாவின் குடும்பப் பெயர் மாறியிருக்கும். அவருடைய திருமணச் சான்று கட்டாயம். தாத்தா பாட்டியின் திருமணச் சான்றும் வையுங்கள்.

தாத்தாவின் சான்றுக்கு ஏஜென்டைத் தேடிப் போகாதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பிறப்புகள் 1837 ஜூலை முதல் ஜி.ஆர்.ஓ. எனப்படும் பொதுப் பதிவு அலுவலகத்தில் இருக்கின்றன. இணையத்திலேயே கேட்கலாம், கட்டணம் 12.50 பவுண்டு. முதலில் அந்தப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைத் தேட உதவும் ஃப்ரீபிஎம்டி தளத்தில் இலவசமாகக் குறியீட்டு எண்ணைத் தேடிக்கொள்ளுங்கள். குறியீடு (இண்டெக்ஸ்) காலாண்டு வாரியானது, அதுவும் பதிவு செய்த தேதிப்படி. பதிவுக்கு 42 நாள் அவகாசம் உண்டு என்பதால் மார்ச் கடைசியில் பிறந்தவர் ஜூன் காலாண்டில் இருக்கலாம். பதிவு மாவட்டப் பெயரும் ஊர்ப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஜான் ஸ்மித் போன்ற பெயர் என்றால், 1911 செப்டம்பர் காலாண்டு முதல் குறியீட்டில் சேர்க்கப்பட்ட தாயின் கன்னிப் பெயரை வைத்துச் சலியுங்கள். பிடிஎஃப் நகல் மலிவுதான், ஆனால் அது சான்றளிக்கப்பட்ட நகல் ஆகாது. ஸ்காட்லாந்துப் பதிவுகள் 1855-இல் தொடங்குகின்றன, அவற்றுக்கு அலுவலகமே தனி.

கடினமானது நம் பக்கத்துச் சான்றுகள்தான். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அம்மா அதற்கு முன் பிறந்தவர் என்றால் நகராட்சி, தாலுகா அலுவலகப் பழைய பதிவேடுகளில் தேடச் சொல்லி மனுக் கொடுங்கள். இல்லை என்றால் 'பதிவு இல்லை' என்ற சான்றைக் கையோடு வாங்குங்கள். அதனுடன் ஞானஸ்நானப் பதிவேட்டின் சான்றளிக்கப்பட்ட நகல், பள்ளி மாற்றுச் சான்றிதழ் சேர வேண்டும். 1947 வரையிலான மதராஸ் மாகாணத் தேவாலயப் பதிவு நகல்கள் பல லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் என்/2 வரிசையில் உள்ளன. தேவாலயப் பங்கு அலுவலகம் கைவிரித்தால் அங்கே தேடலாம். தேவாலயத் திருமணங்களின் நகல் பதிவுத்துறைக்குப் போக வேண்டும் என்பது 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டம், ஆகவே அங்கும் கேளுங்கள். தாமதப் பதிவு செய்து இப்போது ஒரு சான்று வாங்கலாம்தான். போன மாதத் தேதியிட்ட அந்தத் தாள் மட்டும் இருந்தால் சந்தேகம் வரும், பழைய ஆதாரங்களையும் இணையுங்கள்.

'எங்கள் உறவினருக்கு ஞானஸ்நானச் சான்றிலேயே விசா கிடைத்தது' என்று யாராவது வருவார்கள். கிடைத்திருக்கலாம். அதிகாரியின் மனத்தை நம்பி இவ்வளவு பணம் கட்ட நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் அலுவலகங்களில் பழைய ஆங்கிலப் பதிவைத் தமிழில் ஏற்றி, அந்தத் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குத் தட்டச்சு செய்கிறார்கள். 'ஜி'யில் தொடங்கும் ஜெரால்டு 'ஜே'யில் தொடங்கும் ஜெரால்டு ஆகிவிடுகிறார். குடும்பப் பெயர் இனிஷியலாகச் சுருங்குகிறது. தவறு அலுவலகத்தினுடையது, திருத்த அலைவது குடும்பம். அசல் பதிவேடு கண்ணெதிரே இருக்கும்போது அதைப் பார்த்து எழுத எத்தனை நிமிடம் ஆகும்? கவுன்டரை விட்டு நகரும் முன் ஒவ்வொரு எழுத்தையும் சரிபாருங்கள். திருத்த முடியாததற்கு 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரி அஃபிடவிட், பெயரின் இரண்டு எழுத்து வடிவங்களும் உள்ள பழைய ஆவணங்களோடு.

தமிழ்ச் சான்றுகளின் மொழிபெயர்ப்பில் 'துல்லியமானது' என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் வேண்டும். அங்கே வேலை செய்யும் எண்ணம் உண்டு என்பதற்கு வேலை அழைப்பு அல்லது விண்ணப்பித்த மின்னஞ்சல்கள். விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு, விசாக் காலமான ஐந்தாண்டுக்கும் மொத்தமாக 5,175 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். காசநோய் இல்லை என்ற சான்று ஆறு மாதமே செல்லும், வங்கி அறிக்கை விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும், தாத்தாவின் சான்று தபாலில் வந்து கையில் சேர்ந்த பிறகு எடுங்கள்.