நிலச்சரிவில் இறந்தவர்களின் டிஎன்ஏ முடிவு வர ஏன் இவ்வளவு தாமதம்? முகத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா?

உங்கள் வீட்டிலும் யாரையோ தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். இல்லையென்றால் சந்தோஷம்.

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் அடித்துக்கொண்டு போனபோது, என் சித்தி அங்கே எஸ்டேட் பாடியில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், இருந்தார். நாங்கள் கூடலூர்க்காரர்கள். பாறையும் மரமுமாக வந்த வெள்ளம் பலரைச் சாலியாற்றில் இழுத்துப்போய் நிலம்பூர் பக்கம் ஒதுக்கியது. பல இடங்களில் கிடைத்தது முழு உடலே இல்லை.

பிணவறையில் ஒரு காலின் மெட்டியைப் பார்த்ததும் என் மாமா "சின்னக்காதான்" என்று உட்கார்ந்துவிட்டார். அதே மெட்டியைக் காட்டி இன்னொரு குடும்பமும் அழுதுகொண்டிருந்தது. ஒரே மாதிரி மெட்டி எத்தனை கடையில் விற்கிறது!

அப்புறம் ரத்தம் எடுக்கும் இடம். பெற்றோர், பிள்ளைகளின் ரத்தம் இருந்தால் வேலை சுலபம். டிஎன்ஏவில் சோதிக்கும் ஒவ்வோர் இடத்திலும் பாதி பொருந்தியே ஆக வேண்டும். கூடப்பிறந்தவர்களுக்கு அப்படி இல்லை. சராசரியாகத்தான் பாதி, சில இடங்களில் ஒன்றுமே பொருந்தாது. சித்திக்குப் பிள்ளை இல்லை, தாத்தா பாட்டியும் போய்விட்டார்கள். அதனால் அம்மா, மாமா இருவருமே கொடுக்க வேண்டியிருந்தது. அம்மா கையை நீட்டவே இல்லை. "ரத்தம் குடுத்தா அவ செத்துட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்டா" என்றார். அங்கிருந்த நர்ஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "சேச்சி, முதல்ல சாயா குடிங்க" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

சேற்றிலும் தண்ணீரிலும் கிடந்த உடலில் டிஎன்ஏ சிதைந்துபோகும். அப்போது எலும்பு, பல் என்று தேடிப் போக வேண்டும். ஒருவரின் பாகங்களே வேறு வேறு இடத்தில் கிடைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை. அதுவரை புத்துமலையில் எண் போட்டுப் புதைத்தார்கள், எல்லா மதப் பிரார்த்தனையும் சேர்த்து. எங்களுக்கும் கடைசியில் அங்கே ஓர் எண்தான் வந்தது.

"அகமதாபாத் விமான விபத்தில் சீக்கிரம் முடித்தார்களே" என்று யாராவது வருவீர்கள், தெரியும். 2025 ஜூன் 12-இல் நடந்த அதில் 260 பேர் இறந்தார்கள், அந்த மாதத்துக்குள்ளேயே அடையாளம் கண்டார்கள், உண்மை. ஆனால் விமானத்தில் யார் யார் ஏறினார்கள் என்ற பட்டியல் கையில் இருந்தது. மலையில் அன்றிரவு யார் வீட்டில் யார் தங்கியிருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் இறந்த 2,753 பேரில் சுமார் 1,100 பேருக்கு இன்னும் விடை இல்லை. நான் லேப்காரன் இல்லை, தாமதத்துக்கெல்லாம் வக்காலத்தும் வாங்கவில்லை. தப்பான உடலைக் கொடுத்துவிட்டால் இரண்டு குடும்பங்கள் கெடும், அவ்வளவுதான்.

ஆகவே ஒருவர் கொடுத்தாயிற்று என்று விட்டுவிடாதீர்கள்; ரத்த உறவில் இன்னும் யார் இருந்தாலும் கூட்டிப்போங்கள். கொடுத்த மாதிரியின் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. சித்தி "நெருங்கிய உறவு" பட்டியலில் இல்லை என்று என் ஆபீஸில் அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்தார்கள். தாய் வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ எனக்கும் அம்மாவுக்கும் சித்திக்கும் ஒன்றுதான் என்று ஹெச்ஆருக்கு மெயில் போட்டேன். இன்னும் பதில் இல்லை.